வைரஸ் போன பிறகும் சரியாகாத வயிறு: என் 11 மாத நோட்டு

காய்ச்சல், வாந்தி, பேதி மூன்றும் சேர்ந்து 4 நாள் ஆளைப் புரட்டிப் போட்டன. 5ஆம் நாள் காய்ச்சல் விட்டது, 8ஆம் நாள் வேலைக்குப் போய்விட்டேன். அதே வைரஸ் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்கு வந்தது, அவர்கள் ஒரே வாரத்தில் பழையபடி சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் வயிறு பழைய நிலைக்கு வரவே இல்லை. சாப்பிட்ட அரை மணியில் மேல்வயிறு கல்லைக் கட்டி வைத்த மாதிரி ஆகும், சாயங்காலத்துக்குள் உப்பிப் போய் இடுப்புப் பட்டனைக் கழற்ற வேண்டியிருக்கும், ஒரு நாள் காலையில் மூன்று முறை ஓட்டம், அடுத்த இரண்டு நாள் ஒன்றுமே போகாது. நடுவில் இழுத்துப் பிடிக்கிற வலி, போய்விட்டு வந்தால் கொஞ்சம் தணியும்.

இப்படியே 7 வாரம் போனது. அதற்குப் பிறகுதான் ஒழுங்காக ஒரு நோட்டுப் போட்டு, ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, எது என் வயிற்றுக்கு ஒத்துவருகிறது என்று கண்டுபிடிக்க ஆரம்பித்தேன். இதே நிலையில் இருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் அந்த நோட்டைப் பார்த்து இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, இது ஒரே ஒரு வயிற்றின் கதை.

முதலில் செய்த தப்பு. 3ஆம் வாரத்தில் பயம் வந்து, ஒரே நாளில் பால், கோதுமை, பருப்பு, காரம், எண்ணெய், காபி எல்லாவற்றையும் நிறுத்தினேன். அதே நாளில் ஒரு ப்ரோபயாட்டிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) மாத்திரை, ஒரு செரிமான சிரப், யாரோ சொன்ன மூலிகைப் பொடி என்று மூன்றையும் தொடங்கினேன். ஐந்து நாள் நன்றாக இருந்தது, ஆறாவது நாள் மறுபடி பேதி. இதில் எது உதவியது, எது கெடுத்தது என்று சொல்ல எந்த வழியும் இல்லை. அப்புறம் ஒவ்வொரு முறை வலிக்கும்போதும் கடைசியாகச் சாப்பிட்ட பொருளைக் குற்றவாளியாக்கி அதையும் நிறுத்தினேன். 7ஆம் வாரத்தில் நான் சாப்பிட்டது வெறும் சோறு, வாழைப்பழம், வேகவைத்த கேரட், முட்டை. 4 கிலோ குறைந்திருந்தேன், படி ஏறினால் கால் நடுங்கியது. அக்கா பார்த்துவிட்டு, "நீ வியாதியால இளைக்கல, சாப்பிடாமதான் இளைச்சிருக்க, முதல்ல போய் டாக்டரைப் பாரு" என்றாள். அடுத்த நாளே போனேன்.

முதல் மூன்று வாரத்திலேயே போயிருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். சில அறிகுறிகள் இருந்தால் நோட்டெல்லாம் போட்டுக்கொண்டிருக்கவே கூடாது: மலத்தில் ரத்தம், கருப்பாகத் தார் போலப் போவது, காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி அல்லது வலி, விடாத காய்ச்சல், ரத்த சோகை, விழுங்கச் சிரமம், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்திருப்பது, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை. இதில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவரிடம் போக வேண்டும். எனக்கு எடைக்குறைவு இருந்ததால் மருத்துவர் அதைத்தான் முதலில் கிளறினார். நான் சாப்பிடுவதை வரிசையாகச் சொன்னதும் காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது.

எடுத்த பரிசோதனைகள்: ரத்த அணு எண்ணிக்கை, தைராய்டு, அழற்சியைக் காட்டும் சிஆர்பி, மலத்தில் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகள் இருக்கின்றனவா என்று ஒரு சோதனை (இது தங்கிவிட்டால் வாரக்கணக்கில் இதே மாதிரி தொல்லை கொடுக்குமாம்), மலத்தில் கால்ப்ரொடெக்டின். கடைசியாகச் சொன்னது குடல் சுவரில் அழற்சி இருந்தால் ஏறும் ஒரு புரதம், பொதுவாக ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது என்பார்கள். எனக்கு 38. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஒரு சோதனை மட்டும் உடனே எடுக்க முடியவில்லை, அதற்கு என் அவசரம்தான் காரணம். கோதுமையிலுள்ள க்ளூட்டனால் வரும் சீலியாக் என்ற தன்னெதிர்ப்பு நோயை ரத்தத்தில் பார்க்கலாம், ஆனால் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் உடம்பில்தான் அந்த எதிர்ப்பொருள் தெரியும். நான் ஏற்கெனவே பல வாரமாக நிறுத்தியிருந்தேன். "ஆறு வாரம் தினமும் கோதுமை சாப்பிட்டுவிட்டு வாங்க, அப்பதான் ரிசல்ட்டை நம்பலாம்" என்றார். அதனால் தயவுசெய்து சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். 14ஆம் வாரம் எடுத்தேன், இல்லை என்று வந்தது.

அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். சிறுகுடலின் உள்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் மேல் செல்களைத்தான் நோரோ, ரோட்டா மாதிரியான வைரஸ்கள் தாக்குகின்றன. பாலிலுள்ள லாக்டோஸைப் பிரிக்கும் லாக்டேஸ் நொதி இருப்பதும் அந்த நுனியில்தான், அதனால் அது முதலில் அடிபடுகிறது. குடல் செல்கள் 3 முதல் 5 நாளுக்கு ஒரு முறை புதுசாக வளரும், ஆனாலும் நொதி பழைய அளவுக்கு வரச் சிலருக்கு வாரங்கள், மாதங்கள் கூட ஆகும். அடுத்தது நரம்பு. தொற்று அடங்கிய பிறகும் குடல் நரம்புகள் விழிப்பு குறையாமலே இருந்துவிடும், சாதாரண அளவு வாயு விரிவதைக்கூட வலி என்று மூளைக்குச் சொல்லும். குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய 10இல் 1 ஆளுக்கு இப்படி நீள்கிறது, தொற்றின்போது பேதி கடுமையாக இருந்தவர்களுக்கும், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கும், ஏற்கெனவே பதற்றம் உள்ளவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். இதற்கு தொற்றுக்குப் பிந்தைய எரிச்சல் குடல் நோய் என்று பெயர். ஆனால் இந்த நோயை உறுதிசெய்ய மருத்துவர்கள் பார்க்கும், 2016இல் வந்த ரோம் 4 விதிப்படி வாரத்துக்கு ஒரு நாளாவது வலி என்று 3 மாதம் இருக்க வேண்டும், தொல்லை தொடங்கி 6 மாதம் ஆகியிருக்க வேண்டும், அதனால் அப்போது அந்தப் பெயரை அவர் எனக்கு எழுதவில்லை.

"சரியாகுமா?" என்று கேட்டேன். பெரும்பாலும் மெதுவாகக் குறையும் என்றார். பிறகு நானே தேடிப் படித்ததில், கனடாவின் வாக்கர்டன் ஊரில் 2000ஆம் ஆண்டு குடிநீரில் பாக்டீரியா கலந்து ஊரே நோயில் விழுந்தபோது, அந்த மக்களை 8 வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. 2, 3 வருடம் கழித்து 28 சதவீதம் பேருக்கு இருந்த எரிச்சல் குடல் நோய், 8 வருடத்தில் 15 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. அது பாக்டீரியா. வைரஸால் வந்தது பொதுவாக அதைவிடச் சீக்கிரம் அடங்குகிறது. இந்தக் கணக்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன், மோசமான நாளில் திருப்பிப் பார்க்க.

இனி நோட்டு. ஒரு பக்கம் ஒரு நாள். நேரம், சாப்பிட்டது, அளவு, வலி 0 முதல் 10 வரை, உப்புசம் 0 முதல் 10 வரை, மலம் எந்த வகை, முந்தின ராத்திரி எத்தனை மணி நேரத் தூக்கம். மலத்துக்கு பிரிஸ்டல் அட்டவணை: 1 என்றால் கொட்டை கொட்டையாக இறுகியது, 4 என்றால் வழவழப்பாக நீளமாக, 7 என்றால் முழுக்கத் தண்ணீர். "வயிறு சரியில்லை" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து அதற்கு அர்த்தமே இருக்காது, "வகை 6, 2 தடவை, வலி 5" என்று எழுதினால் ஒப்பிடலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை, மருத்துவர் கேட்பதும் இதைத்தான்.

8, 9 வாரங்களில் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை. நிறுத்தியதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பச் சேர்த்து, சாதாரணமாகச் சாப்பிட்டு, எழுத மட்டும் செய்தேன். இதுதான் பொறுக்க முடியாத பகுதி, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த 14 பக்கங்கள் இல்லாவிட்டால் பின்னால் வந்த எதையும் நான் நம்பியிருக்க முடியாது. படித்துப் பார்த்ததில் நான் எதிர்பார்க்காத இரண்டு விஷயம் தெரிந்தது. 5 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய ராத்திரிக்கு அடுத்த நாள், என்ன சாப்பிட்டிருந்தாலும், வலி 6க்கு மேல். இன்னொன்று, மதியம் பெரிய சாப்பாடு சாப்பிட்ட நாளில் மட்டும்தான் சாயங்கால உப்புசம் 8ஐத் தொட்டது.

10ஆம் வாரம் பாலில் கைவைத்தேன். 2 வாரம் பால், பாலில் செய்த இனிப்பு, ஐஸ்கிரீம் எதுவும் இல்லை, மற்றதெல்லாம் அப்படியே. 5ஆம் நாளிலிருந்து காலை ஓட்டம் 3லிருந்து 1 ஆனது. அதோடு விட்டிருந்தால் தற்செயலா இல்லையா என்று தெரியாது, அதனால் திரும்பச் சேர்த்தும் பார்த்தேன்: ஒரு நாள் 50 மில்லி, இரண்டு நாள் இடைவெளி, பிறகு 100, பிறகு 200. 50 ஒன்றும் செய்யவில்லை. 100க்கு லேசான வாயு. 200க்கு இரண்டு மணி நேரத்தில் கடகடவென்று சத்தம், வகை 6. அப்படியென்றால் பால் முழுக்க எதிரி இல்லை, அளவுதான். ஒரு பெரிய டம்ளர் பாலில், அதாவது 250 மில்லியில், சுமார் 12 கிராம் லாக்டோஸ் இருக்கும், தயிரில் பாக்டீரியா ஏற்கெனவே கொஞ்சம் தின்றுவிடுவதால் குறைவு. தயிரும் நாள்பட்ட கெட்டிப் பாலாடைக்கட்டியும் எனக்கு எந்தத் தொந்தரவும் தரவில்லை, அதனால் கால்சியத்துக்குப் பயப்படாமல் அதையே வைத்துக்கொண்டேன்.

14ஆம் வாரம் சாப்பாட்டின் அளவு. மொத்தச் சாப்பாட்டைக் குறைக்கவில்லை (ஏற்கெனவே இளைத்திருந்தேன்), மூன்று பெரிய வேளையை ஐந்து சின்ன வேளையாகப் பிரித்தேன், கொழுப்பு அதிகமானதை ஒரே வேளையில் குவிக்கவில்லை. மேல்வயிற்றுக் கல் இதற்குத்தான் இறங்கியது. தொற்றுக்குப் பிறகு சிலருக்கு இரைப்பை மெதுவாகக் காலியாகும், கொழுப்பு அதை இன்னும் மெதுவாக்கும் என்று மருத்துவர் சொன்னார். அடிக்கடி வாந்தி, நாலு கவளத்தில் வயிறு நிறைந்துவிடுவது, முந்தின வேளைச் சாப்பாடே மேலே வருவது என்று இருந்தால் இரைப்பை காலியாகும் நேரத்தை அளக்கும் 4 மணி நேரச் சோதனை இருக்கிறது, கேட்டுப் பாருங்கள். எனக்கு அது தேவைப்படவில்லை.

இதில் ஒரு சிக்கலும் வந்தது. ஐந்து வேளை என்று ஆரம்பித்தது நாள் முழுக்கக் கொறிப்பதாக மாறிவிட்டது, உப்புசம் மறுபடி ஏறியது. வெறும் வயிற்றில் 90 முதல் 120 நிமிடத்துக்கு ஒரு முறை குடல் ஒரு அலை போல எஞ்சியதை முன்னே தள்ளிச் சுத்தம் செய்யும், ஏதாவது வாயில் போட்டால் அந்த அலை நின்றுவிடும். அதனால் இரண்டு வேளைக்கு நடுவில் 3 மணி நேரம் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை என்று வைத்தேன். சுவிங்கமும் நின்றது. அதிலிருந்த சார்பிட்டால் என்ற இனிப்பே வாயுவையும் பேதியையும் கிளப்பும் என்பது எனக்கு அதுவரை தெரியாது, நான் தினமும் நாலைந்து மென்றுகொண்டிருந்தேன்.

17ஆம் வாரம் நார்ச்சத்து, இங்கே நன்றாக அடிபட்டேன். போகாத நாட்களுக்காகக் கோதுமைத் தவிட்டைத் தினமும் இரண்டு கரண்டி போட்டுச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் வலி 8, இரவு முழுக்கத் தூக்கமில்லை. கரையாத கரடு நார் இப்படிப்பட்ட குடலில் பலருக்கும் மோசமாகத்தான் வேலை செய்கிறதாம். ஒரு வாரம் விட்டுவிட்டு, கரையும் நாரான இசப்கோல் உமியை அரைத் தேக்கரண்டியில் ஆரம்பித்தேன், ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு, வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி கூட்டி. முதல் 4 நாள் வாயு கூடியது, விடாமல் தொடர்ந்தேன், அது சரியான முடிவு. மூன்றாம் வார முடிவில் நோட்டில் மல வகை தொடர்ந்து 3, 4, 4, 3 என்று வந்தது, அந்தப் பக்கத்தில் தேதிக்குப் பக்கத்தில் நட்சத்திரம் போட்டிருக்கிறேன். தண்ணீர் இல்லாமல் இதை விழுங்கக் கூடாது, தொண்டையில் உப்பி அடைக்கலாம். வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

21ஆம் வாரத்திலிருந்து ஃபாட்மேப் முறை. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போய், அங்கே நொதித்து வாயுவாகிற சில மாவுச்சத்து, சர்க்கரை வகைகளை முதலில் குறைப்பது, பிறகு ஒவ்வொரு வகையாகத் திரும்பச் சேர்த்துச் சோதிப்பது, கடைசியில் நமக்கு ஆகாததை மட்டும் குறைத்துக்கொண்டு மற்றதைச் சாப்பிடுவது. முதல் கட்டம் 2 முதல் 6 வாரம்தான். நிறைய பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள், நன்றாக இருக்கிறதே என்று. அது குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவுக்கும் உணவில்லாமல் செய்துவிடும். நான் ஏற்கெனவே ஒரு முறை பட்டினியில் போனவன் என்பதால் ஒரு உணவியல் நிபுணர் கண்காணிப்பில்தான் செய்தேன், 4 வாரத்தில் முதல் கட்டத்தை முடித்தேன்.

திரும்பச் சேர்க்கும் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. ஒரு வகைக்கு 3 நாள், அளவு கூட்டிக் கூட்டி, நடுவில் 2, 3 நாள் ஓய்வு. கோதுமை: ஒன்றுமில்லை. நான் அத்தனை வாரம் பயந்து ஒதுக்கிய கோதுமை! ஆப்பிள்: பாதி சரி, முழுசு வாயு. பருப்பு: ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் அரைக் கிண்ணம் வரை சரி. வெங்காயம்: இரண்டாம் நாளே வலி 7. பூண்டு: அதே. வெங்காயம் பூண்டு இல்லாமல் சாப்பாடு எப்படி என்று மனது விட்டுப்போனது, அப்போதுதான் ஒரு நல்ல வழி கிடைத்தது. அவற்றில் தொல்லை தரும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரை வகை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டை எண்ணெயில் முழுசாகப் போட்டு வதக்கி, பல்லை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் சமைத்தால் வாசனை முழுக்க இருக்கிறது, வயிறு சும்மா இருக்கிறது. அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்த்துவிட வேண்டும், வெளியே வைத்திருந்தால் அதில் ஆபத்தான பாக்டீரியா நச்சு உருவாகலாம். வெங்காயத்தாளில் பச்சைப் பகுதி மட்டும் பிரச்சினை இல்லை. 27ஆம் வாரம் பாலை மறுபடி சோதித்தேன்: 200 மில்லிக்கு ஒன்றும் ஆகவில்லை. நோட்டில் அன்றைக்கு "நுனி வளர்ந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறேன்.

முயன்று பார்த்த மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ப்ரோபயாட்டிக்கைத் தனியாக 4 வாரம் சோதித்தேன், எந்த வித்தியாசமும் எண்ணில் தெரியவில்லை, சிலருக்கு உதவலாம், எனக்கு இல்லை. மூலிகைப் பொடியை மருத்துவர் பார்த்துவிட்டு நிறுத்தச் சொன்னார், அதில் பேதி மருந்து வகை இலை இருந்தது. புதினா எண்ணெய்க் குளிகை இழுக்கும் வலிக்கு நன்றாகக் கேட்டது, குடலில் போய்க் கரையும்படி பூச்சு போட்டது, கடிக்காமல் விழுங்க வேண்டும், ஆனால் நெஞ்செரிச்சல் வந்ததால் தேவைப்படும்போது மட்டும். விடாத தண்ணீர்ப் பேதி உள்ளவர்கள் பித்த அமிலம் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகிறதா என்று கேளுங்கள், அதற்குத் தனி மருந்து இருக்கிறது, பல பேருக்கு அது வருடக்கணக்கில் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது.

பயத்தைப் பற்றி எழுதாமல் இந்தப் பதிவு முழுசாகாது. வெளியே போனால் முதலில் கழிப்பறை எங்கே என்று தேடுவேன், நீண்ட கூட்டத்துக்கு முன்னால் சாப்பிட மாட்டேன், நண்பர்கள் அழைத்தால் ஏதாவது காரணம் சொல்லித் தவிர்ப்பேன். "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்தானே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் அழுதிருக்கிறேன். வலி உண்மை. அறிக்கையில் தெரியாததால் அது கற்பனை ஆகிவிடாது, நரம்பின் உணர்திறன் இந்தச் சோதனைகளில் தெரியாது, அவ்வளவுதான். அதே சமயம், பதற்றம் ஏறினால் குடல் ஓட்டம் மாறுவதை என் நோட்டே காட்டியது. சாப்பாட்டுக்கு முன் 5 நிமிடம், வயிறு மேலெழும்படி 4 எண்ணி மூச்சை உள்ளே இழுத்து 6 எண்ணி வெளியே விட்டேன். இரண்டு வாரம் தினமும் செய்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது, சராசரி வலி 4லிருந்து 3. சின்ன எண்தான், ஆனால் அந்த ஒரு புள்ளியில்தான் நான் மறுபடி வெளியே போய்ச் சாப்பிட ஆரம்பித்தேன். காலை எழுந்து சாப்பிட்ட உடனே பெருங்குடல் தானாக அசையும் என்பதால் 20 நிமிடம் முன்னதாக எழுந்து, அவசரமில்லாமல் உட்காரவும் பழகினேன்.

8ஆம் மாதம் பல்லுக்காக ஒரு ஆன்டிபயாட்டிக் எடுக்க வேண்டி வந்தது, 5 நாளில் எல்லாம் கவிழ்ந்தது. வகை 6, 7, வலி 7. பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் நிறுத்தக் கை பரபரத்தது. நிறுத்தவில்லை. ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் பேதிக்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லி மலச் சோதனை எடுத்தேன், அது இல்லை. உப்பு சர்க்கரைக் கரைசல், சின்ன வேளைகள், 100 மில்லிக்கு மேல் பால் இல்லை, வெங்காயம் இல்லை, இசப்கோல் பாதி அளவு. முதல் தடவை 7 வாரத்தில் அசையாதது இந்த முறை 19 நாளில் அடங்கியது.

இப்போது 11ஆம் மாதம். இழந்த 4 கிலோவில் மூன்றரை திரும்பிவிட்டது. வாரத்தில் ஒரு நாள் உப்புசம் 5 வரை போகிறது, வலி பெரும்பாலும் 0 அல்லது 1. தினமும் எழுதுவதை விட்டுவிட்டேன், வகை 6 வந்தாலோ வலி 4ஐத் தாண்டினாலோ மட்டும் எழுதுகிறேன். வெங்காயத்தை மட்டும் இன்னொரு முறை பார்க்க வேண்டும். வரும் சனிக்கிழமை ஒரு தேக்கரண்டி, நன்றாக வதக்கியது, மதியச் சாப்பாட்டில். பக்கத்தை இப்போதே கோடு போட்டு வைத்திருக்கிறேன்.